ஏணியைத் தூக்கியது நானல்ல

அம்மணி,

நீ அடுத்த அறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதிக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்து நாலு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை தாள் என்று உன் அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். வாயால் சொன்னால் பாதியிலேயே ஜம்பம் அடிக்க ஆரம்பித்துவிடுவேன், அது என் பிறவிக் குணம். எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதுவுமில்லாமல் இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் அல்ல. பொய்யை ஊரறியச் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது நியாயமாகாது. போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில் எழுந்து நின்று சொன்னேன்தான். ஆனால் அதற்குள் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள், பாதிப் பேர் கை கழுவப் போயிருந்தார்கள், கேட்ட மீதிப் பேருக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அதனால் எழுதி, உறவுக்காரர்களுக்கும் என்னோடு தொழில் செய்கிறவர்களுக்கும் அனுப்பப் போகிறேன். முதல் பிரதி உனக்கு.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசி மழையில், ஆர்.எஸ்.புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் நாம் பாதாள சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய குழி சரிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம் நீ. வேலையை நிறுத்தியது நீ. ஏணியை மேலே தூக்கியது நீ. அந்த ஏணியில் கால் வைக்கப் போனவன் நான்.

ஏன் போனேன் என்றால், அது கிணறு வெட்டினவன் திமிர். நம் பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே இறுகிப்போன சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. செங்குத்தாக எவ்வளவு ஆழம் வெட்டினாலும் பக்கச் சுவர் கட்டாமலே கிணறு தலைமுறை தலைமுறையாக நிற்கும். அந்த மாதிரிக் கிணற்றில் கல் சுமந்து வளர்ந்தவன் நான். விவசாயத்தை விட்டுவிட்டுக் குழாய் பதிக்கும் காண்டிராக்டுக்கு வந்தபோது அந்தத் திமிரையும் கையோடு கொண்டுவந்தேன். எந்த இன்ஜினியர் வந்து "மண்ணு எப்படிங்க?" என்று கேட்டாலும் விளிம்பில் குந்தி, ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, "நிக்குமுங்க" என்பேன். அந்த 'ங்க'வில் இருக்கிற பணிவில் அவர்களும் நம்பிவிடுவார்கள். ஆனால் நகரத்துத் தெரு கிணற்றுமேடு அல்ல. குடிநீருக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, மழைநீருக்கு ஒரு தடவை என்று தோண்டித் தோண்டி மூடின கொட்டுமண் அது. கட்டியாகக் கையில் வந்தாலும் சுவராக நிற்காது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும் என் வாய் பழக்கத்தில் நிக்குமுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் எதையும் முகத்துக்கு நேராக மறுத்துப் பழகாதவர்கள். "ஆகட்டுங்க", "பாத்துக்கலாமுங்க", "செஞ்சுபோடலாமுங்க" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு முப்பது வருடம் தொழில் நடத்தியிருக்கிறேன். குழி ஆழமாகிவிட்டது, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி நடுவில் ஜாக்கி கொடுத்து முட்டு நிறுத்தினால்தான் ஆள் இறங்கலாம், அதற்கு ஒரு நாள் வேண்டும் என்று எந்த இன்ஜினியரிடமும் நான் வாய் திறந்து கேட்டதில்லை. "இன்னைக்கே முடிச்சாகோணும்" என்பார்கள். "ஆகட்டுங்க" என்பேன். முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அந்த மரியாதையை நான் காப்பாற்றியது அடுத்தவர்கள் உயிரை வைத்து. குழிக்குள் இறங்குகிற யாரும் என் உறவுக்காரர்கள் இல்லை என்பது என் பணிவை எவ்வளவு சுலபமாக்கியது என்று இப்போது நினைத்தால் நெஞ்சு கூசுகிறது.

மாரப்பனைக் கேள். நீ ஏழாவது படித்தபோது இடுப்பெலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுத்திருந்தாரே, அவர்தான். குழியில் குனிந்து குழாய் மூட்டுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது மண் சரிந்து நெஞ்சு வரை மூடிவிட்டது. பொக்லைனை வைத்துத் தோண்டினால் ஆளையே வெட்டிவிடும் என்று ஐந்து பேர் கையாலேயே பறித்தோம். ஒரு பக்கம் பறிக்கப் பறிக்க மறுபக்கம் சரிந்தது. எங்களில் ஒருவரையும் அது சேர்த்து மூடாததற்கு அதிர்ஷ்டம் தவிர வேறு காரணம் இல்லை. அவர் பிழைத்தார். நான் மருதமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தேன். வந்து, அடுத்த வாரமே அதே மாதிரி முட்டு இல்லாத குழியில் வேறு ஆட்களை இறக்கினேன். அவருக்கு நம் குடோனில் வாட்ச்மேன் வேலை கொடுத்துவிட்டு, என்னைப் போல ஒரு முதலாளி கிடைப்பானா என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். முட்டு வைக்காமல் ஒரு மனிதனை நொண்டியாக்கியவன் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை. மொட்டைத் தலையில் முடி வளர்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

நீ சிவில் படித்து முடித்து, ஊரெல்லாம் பெண் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகையில், "நம்ம சைட்டுக்கே வாரேனுங்கப்பா" என்றபோது நான் சிரித்தேன். தலையில் ஹெல்மெட்டும் கையில் ஒரு நோட்டுமாக நீ வந்து நின்ற முதல் நாள், பொக்லைன் ஓட்டுகிறவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். முதல் வாரமே நீ குடோனுக்குப் போய், ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புத் தகடுகளைத் தேய்க்கச் சொல்லி மாரப்பனோடு உட்கார்ந்துவிட்டாய். எப்போதோ ஒரு பெரிய கம்பெனி விட்டுப்போன தகடுகள் அவை, பழைய இரும்புக்காரனுக்குப் போட நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதைய ஏனுங்க இத்தனை வருஷம் எடுக்கலை?" என்று நீ அவரைக் கேட்டாயாம். "எடுக்கோணும்னு யாரும் சொல்லலீங்க அம்மணி" என்றாராம். அதை அவர் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை என்று நீ எனக்குச் சொன்னாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். குழி பன்னிரண்டு அடி. பக்கத்திலேயே பழைய குடிநீர்க் குழாய் போகிற கொட்டுமண். முந்தின நாள் நல்ல மழை. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தோம், அதுவும் என் பழக்கம்தான், தூரத்தில் கொட்டினால் திரும்ப அள்ள நேரமாகும் என்பேன். தகடு வேண்டும் என்று நீ இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். "வருது கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு இன்ஜினியர் போன் செய்தபோது நான் குடோனில்தான் நின்றிருந்தேன். நீ தேய்த்து வைத்த தகடுகள் என் கண் முன்னால் அடுக்கியிருந்தன.

"ஏனுங்க, உங்க பொண்ணு வேலைய நிறுத்திப்போட்டு ஆளுங்களை எல்லாம் அக்கட்டால தள்ளி உக்கார வெச்சிருக்குது. இன்னைக்கு பைப் எறங்கியாகோணும். மண்ணு நிக்குமுங்களா, நிக்காதுங்களா?"

"நிக்குமுங்க சார். நான் வாரேன்."

பெரியநாயக்கன்பாளையத்துக் குடோனில் நின்றுகொண்டு ஆர்.எஸ்.புரத்து மண் நிற்கும் என்று சொன்னேன். கண்ணால் பார்க்காத மண்ணுக்கு வாக்குக் கொடுத்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் ஆறு ஆட்களும் எதிர் வீட்டு மதில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ என்னை விளிம்புக்குச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினாய். குழிக்கு இணையாக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாய்.

"காலைல ஏழு மணிக்கு நூலாட்டம் இருந்துச்சுங்கப்பா. இப்ப என்ற விரல் உள்ள போகுது."

"மழைக்கு வெடிக்கத்தான் செய்யும். நான் பாக்காத வெடிப்பா?"

"பாத்திருப்பீங்க. அன்னைக்கு மாரப்பண்ணன் குழிலயும் பாத்தீங்களா?"

மாட்டிக்கொண்டால் என்னைப் போன்ற ஆண்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். கோபப்பட்டேன். இன்ஜினியர் பார்க்கிறார், தெருவே பார்க்கிறது, என் மகள் என்னைக் கேள்வி கேட்கிறாள். கிணறு வெட்டுகிறவர்கள் இறங்கும் முன் செய்வது போலச் செருப்பைக் கழற்றி விளிம்பில் விட்டேன். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "நானே எறங்கறேன், அப்பறம் பேசு" என்றேன். அது வெறும் வீம்பு அல்ல கண்ணு, வீம்பை விடக் கேடான காரியம். முதலாளியே இறங்கிவிட்டால் ஆட்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? நான் மண்ணைத் தொட்டதுமே ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அத்தனை பேரையும் என் பின்னால் இழுத்தேன். பழைய நாட்களில் இப்படித்தான் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உனக்கு உறைத்தது. நான் நிமிர்வதற்குள் நீ ஏணியின் ஒரு காலைப் பிடித்தாய், மறு காலை, அன்று நீ துணைக்குச் சைட்டுக்குக் கூட்டி வந்திருந்த மாரப்பன் பிடித்தார். குனியவே முடியாத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஏணி மேலே வந்துவிட்டது. அதை ரோட்டில் கிடத்தி, அதன் மேலேயே நீ உட்கார்ந்துகொண்டாய்.

"எந்திரி" என்றேன்.

"முடியாதுங்கப்பா."

இன்ஜினியர் அருகில் வந்தார். "ஏம்மா, பெரியவரு சொல்றாரல்ல, மண்ணு நிக்கும்னு?"

"மண்ணு நிக்காதுங்க சார். அதனால வேலை நிக்குது."

நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. 'ங்க'வை விடவில்லை. நான் மரியாதைக்காகப் பொய் சொன்ன அதே வார்த்தையை வைத்துக்கொண்டு நீ உண்மையைச் சொன்னாய். எனக்குத்தான் புத்தி போய்விட்டது. "உன்னையப் படிக்க வெச்சதே தப்பாப்போச்சு" என்று தெருவில் நின்று கத்தினேன். அந்த ஒரு வரியை நான் சாகும்வரை திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் இங்கே எழுதி வைக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும். கத்திவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை டீக்கடைக்குப் போய், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன். நீ ஆட்களை இன்னும் தள்ளிப் போகச் சொன்னதும், பொக்லைனைப் பின்னால் எடுக்கச் சொன்னதும் காதில் விழுந்தது. 'பெரிய கலெக்டர்' என்று முனகிக்கொண்டேன்.

டீ பாதி குடித்திருப்பேன். லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் குழி இருந்த இடத்தில் குழி இல்லை, வெடிப்புக்கும் குழிக்கும் நடுவில் இருந்த அத்தனையும் உள்ளே போய்விட்டது. ரோட்டின் ஓரம், குவித்த மண், என் செருப்பு, எல்லாம். டம்ளரும் கையுமாக எழுந்து நின்றேன். அப்போது உன் குரல் கேட்டது. நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாய். ஆறு பேரும் ஒவ்வொருவராக "இருக்கறனுங்க" என்றார்கள். பொக்லைன்காரர் இருந்தார். மாரப்பன் இருந்தார். இன்ஜினியரைக்கூடக் கூப்பிட்டாய், அவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார். பிறகு நோட்டில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டாய். "அப்பா." "அப்பா, எங்கிருக்கறீங்க?" என்று நீ இரண்டாம் முறை கூப்பிட்டபோது உன் குரல் உடைந்தது. டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். அதுதான் என்னால் முடிந்தது.

அந்த இடத்தில் இந்தக் கடிதம் முடிந்திருந்தால் நான் யோக்கியன். முடியவில்லை. கால் மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு செல்போன். மேலதிகாரிகள் வந்தார்கள். "யாருங்க வேலைய நிறுத்தச் சொன்னது?" என்று அதில் ஒருவர் கேட்டார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார். அவருக்கு அவர் பயம். நான் வெறுங்காலோடு நடுவில் நின்றேன். "முப்பது வருஷ அனுபவமுங்க. மண்ணோட மொகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுபோகும்" என்று என் வாய் சொல்லிற்று. நீ பத்தடி தூரத்தில் நின்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். திரும்பவும் எழுதினாய். மாரப்பன் மட்டும் மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அடுத்த வாரம் எங்கள் காண்டிராக்டர்கள் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பேசினேன் வேறு, இருபது நிமிடம். சால்வையோடு வீட்டுக்கு வந்தபோது நீ தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்கப்பா. பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்குது" என்றாய். சால்வையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினேன்.

மறுநாள் காலையில் நானாகவே உன்னிடம் வந்து, "அது வந்து கண்ணு" என்று இழுத்தேன். நீ ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "நீங்க நிறுத்துனதாவே இருக்கட்டுமுங்கப்பா. ஆனா இனிமே நிறுத்துனவரு மாதிரியே நடந்துக்கோணும்." அவ்வளவுதான். நீ சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு ஜெயித்திருப்பேன். இதற்கு எதிராக நான் என்ன செய்ய? பொய்யாகப் போட்டுக்கொண்ட சட்டைக்கு ஏற்றபடி உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்கே லாரி பிடித்துத் தகடுகளை எல்லா சைட்டுக்கும் அனுப்பினேன். தோண்டிய மண் விளிம்பை விட்டுத் தள்ளிப் போயிற்று. ஆட்கள் இறங்கும் முன் தினமும் காலையில் ஒருவர் குழியைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவர் வேண்டாம் என்றால் நான் உட்பட யாரும் மறு பேச்சுப் பேசக் கூடாது என்று வைத்தோம். அந்த ஒருவராக நீ யாரை வைத்தாய் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். மாரப்பனை வைத்தாய். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்த மனிதர் இப்போது கைத்தடியால் மண்ணைத் தட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஆகாதுங்க மொதலாளி" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிகிறது. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. போன மாதம் நீயும் அம்மாவும் முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்த நாள். புதுக் குழாயைப் பழைய லைனோடு சேர்க்கிற இடம். பழைய மேன்ஹோலுக்குள் அடைப்பு. வேறொரு இன்ஜினியர், சின்ன வயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். "ஒரு ஆளை எறக்கி அந்தக் கல்லை மட்டும் எடுத்துப்போட்டா போதுமுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். மண் குழியில் இறங்க நான் எத்தனையோ முறை செருப்பைக் கழற்றியிருக்கிறேன். ஆனால் மேன்ஹோலில் இறங்க ஒருநாளும் கழற்றியதில்லை. அதற்கென்று வேறு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று வாழ்ந்தவன் நான். அந்த மனிதர்களில் திரும்பி மேலே வராதவர்களைப் பற்றிக் காலையில் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டிவிட்டு டீ குடித்தவன். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கும் தெரியும், அந்த இன்ஜினியருக்கும் தெரியும். நீ வாங்கி வைத்த, விஷக்காற்று இருந்தால் கத்துகிற கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். பாதி இறங்குமுன்னே அது கத்த ஆரம்பித்தது. உள்ளே மூச்சு விடுகிற காற்றே இல்லை. முதல் ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போகிற இரண்டாம் ஆளும் விழுவார்.

"முடியாதுங்க" என்றேன்.

இன்ஜினியர் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்து, "என்னுங்க?" என்றார்.

"முடியாதுங்க சார். ஆளு எறங்க மாட்டாங்க. மிஷின் வரட்டும். அதுவரைக்கும் மூடியப் போட்டு, பக்கத்துல நானே உக்காந்துக்கறேன்."

ஐம்பத்தொன்பது வயதில் முதல் முறையாக அந்த வார்த்தை என் வாயில் வந்தது, அம்மணி. தலையில் இடி விழவில்லை. அவர் முகம் சுளித்தார், போனில் யாரிடமோ பேசினார், மூன்று மணிக்கு மிஷின் வந்தது, மேலே இருந்தபடியே கல்லை எடுத்தது. வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளையே வந்து, "நல்லவேளைங்க" என்றார். வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் 'முடியாதுங்க, முடியாதுங்க' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை சுலபமான வார்த்தையை மாரப்பன் குழியில் நின்ற அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததும்தான் வாய் அடங்கியது.

அந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிச்சயம் நல்லபடியாக முடிந்து, தட்டு மாற்றியாயிற்று. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைக் கையில் வாங்கினார். நல்ல மனிதர், வாழைத் தோட்டக்காரர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. என் அனுபவத்தைப் பற்றியும் ஆர்.எஸ்.புரத்துக் குழியைப் பற்றியும் புகழ்ந்து தள்ளினார். கடைசியில் உன் பக்கம் திரும்பி, "கண்ணு, உங்கப்பா பேச்சக் கேட்டு வளந்த புள்ளை நீ. அதேமாதிரி எங்க ஊட்டுலயும் பெரியவங்க பேச்சக் கேட்டு நடந்துக்கோணும்" என்றார். நீ தலையைக் குனிந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். "கேக்கலீங்க" என்றேன். மைக் இல்லாததால் மறுபடி உரக்கச் சொன்னேன். "என்ற பொண்ணு என்ற பேச்சக் கேக்கலீங்க. கேக்காததாலதானுங்க நான் இங்க உசுரோட நிக்கறேன்." பிறகு ஏணியைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன், சால்வையைச் சொன்னேன். உன் அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். பெரியப்பா கையில் மைக்கோடு வாயைத் திறந்தபடி நின்றார். உன் மாமியாராகப் போகிறவர் மட்டும் என்னைப் பார்க்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதை நான் கவனித்தேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் பயந்துபோனேன். அதற்குள் யாரோ "இலை போட்டாச்சுங்க, வாங்க" என்றார்கள், கூட்டம் கலைந்தது. அன்று முதல் நாலு நாளாக அவர்கள் வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. நீ முகவரி எழுதுகிறாய். நான் இதை எழுதுகிறேன். உனக்குச் சேர வேண்டிய பெருமையைத் திருப்பிக் கொடுக்கப் போய் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயத்தோடுதான் இத்தனை பக்கமும் எழுதினேன். அறிவுரை என்று சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. போகிற வீட்டில் எல்லோரிடமும் அன்பாக இரு. உப்பு கூடக் குறைய இருந்தால் விட்டுக்கொடு. ஆனால் உயிர் போகும் என்று உனக்குப் பட்ட இடத்தில் யார் பேச்சையும் கேட்காதே. அதற்காக அவர்கள் கோபித்தால், உன் அப்பன் கோபித்ததை விடவா கோபித்துவிடுவார்கள்?

இந்த வரிக்கு வரும்போது உன் போன் அடித்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று நினைத்தாலும் சரி. உன் மாமியார்தான், வீடியோ காலில். அவர்கள் தோட்டத்தில் பல வருடமாக இறைக்காத கிணறு ஒன்றைத் தூர் வாரப் போகிறார்களாம், நாலு ஆள் வந்திருக்கிறார்களாம், டீசல் இன்ஜினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் பாதியில் இறக்கி வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஆட்கள் வேலை செய்வார்களாம், ஒருவர் ஏற்கெனவே படியில் இறங்க ஆரம்பித்துவிட்டாராம். "பெரியப்பா இங்க நிக்கறாரு, அவரு ஒண்ணும் ஆகாதுங்கறாரு. நீ ஒருவாட்டி பாத்துப்போட்டுச் சொல்லு கண்ணு" என்றார். கிணற்றைக் காட்டச் சொன்னாய். இன்ஜினைக் காட்டச் சொன்னாய். நான் எழுந்து கதவோரம் வந்து நின்றேன்.

"முடியாதுங்க அத்தை" என்றாய். "இன்ஜின் பொகை மேல வராதுங்க, உள்ளயே தேங்கிப்போகும். இன்ஜின் வெளியதான் இருக்கோணும். மொதல்ல நான் மீட்டர் குடுத்து அனுப்பறேன், காத்தைப் பாக்கோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாதுங்க."

அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு உன் மாமியார் கிணற்றுப் பக்கம் திரும்பி, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, எல்லாரும் மேல வாங்க. எங்க மருமக வேண்டாங்குது."

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்கும் அப்பா